சவரக்கத்தியில் கறையும் துருவும்: எதைத் தேய்ப்பது, எதை விட்டுவைப்பது?

கேள்வி: என் தாத்தா பயன்படுத்திய மடக்குச் சவரக்கத்தி ஒன்று பழைய டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. அலகின் அடிப்பகுதியில் ‘சோலிங்கன்’ (கத்திகளுக்குப் பெயர்போன ஜெர்மன் நகரம்) என்று பொறித்திருக்கிறது. அலகில் கரும்புள்ளிகளும், ஓரிரு இடங்களில் செந்துருவும் உள்ளன. புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கச் சொல்கிறார் அம்மா. சாணை பிடிப்பவரோ, சக்கரத்தில் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் பளபளப்பாக்கித் தருவதாகச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? – வாசகர், கும்பகோணம்

பதில்: இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி நல்லதுதான். ஆனால் உங்களிடம் இருப்பது பெரும்பாலும் கார்பன் எஃகு, அதாவது ஸ்டெயின்லெஸ் அல்லாத, எளிதில் துருப்பிடிக்கும் எஃகு. புளியின் அமிலம் துருவைக் கரைப்பதோடு நிற்காமல் நல்ல இரும்பையும் அரித்து, அலகைச் சாம்பல் நிறமாக மங்க வைத்துவிடும். அதனுடன் சேரும் உப்பு இன்னும் மோசம், ஏனெனில் எஃகில் ஊசி குத்தியது போன்ற குழிகள் விழுவதற்கு உப்பிலுள்ள குளோரைடுதான் பெரும்பாலும் காரணம். சக்கரத்தால் வரும் கேடு வேறு வகை. எஃகைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கிய பின், ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸில் மீண்டும் சூடாக்கித்தான் இத்தகைய கத்திகளுக்குப் பதம் ஏற்றுவார்கள். தாள்போல் மெலிந்த கூர்ப்பகுதி சக்கரத்தில் சில நொடிகளிலேயே அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். விளிம்பில் நீலம் பாரித்துவிட்டால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள்; பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது.

முதலில் கத்தியை நல்ல வெளிச்சத்தில் வைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி ஒன்றினால் பாருங்கள். கறைமீது நகத்தை மெல்ல இழுத்துப் பார்த்தால் (கூரின் பக்கம் போகாமல்) வேறுபாடு உடனே தெரிந்துவிடும். நகம் வழுக்கிக்கொண்டு போனால் அது மேற்பரப்புக் கறை, தட்டினால் குழி. சாம்பலும் கருநீலமும் கலந்து சீராகப் படர்ந்திருக்கும் நிறம் கேடு செய்வதில்லை. செந்துரு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு மேலும் மேலும் தின்னும். அந்தக் கரும்படலமோ எஃகோடு ஒட்டி நின்று ஓரளவு காக்கவும் செய்யும். அதைத் தேய்த்தெடுத்துக் கண்ணாடிபோல் ஆக்க வேண்டும் என்ற ஆசையால்தான் பல நல்ல கத்திகள் வீணாகின்றன.

வேலையைத் தொடங்குமுன் கூர்விளிம்பின் நெடுகிலும் செல்லோ டேப் ஒட்டிவிடுங்கள். இது உங்கள் விரலையும் காக்கும், கூரையும் காக்கும். துரு உள்ள இடங்களில் தையல் மெஷின் எண்ணெயைத் தடவி ஓர் இரவு ஊற விடுங்கள். மறுநாள் பழைய பருத்தித் துணியால் துடைத்தாலே செந்துருவில் பெரும்பகுதி சேறுபோலக் கழன்று வந்துவிடும். மிச்சமிருப்பதற்கு, பித்தளை துலக்கப் பயன்படும் மெட்டல் பாலிஷைத் துணியில் சிறிது எடுத்துத் தேய்க்கலாம். அதற்கும் மசியாத இடத்தில் மட்டும், பெயின்டர்கள் பயன்படுத்தும் வாட்டர் பேப்பர் என்ற உப்புத்தாளில் 1000 எண் கொண்டதை எண்ணெயில் நனைத்துத் தேய்த்து, பிறகு அதைவிட நைசான 2000க்குப் போங்கள். அலகின் இரு பக்கங்களும் உட்குழிவாக இருப்பதால், தாளை ஒரு பாட்டில் தக்கையில் சுற்றிக்கொண்டால் குழிவோடு சரியாகப் பொருந்தும். அலகைப் பலகைமீது படிய வைத்து, முதுகிலிருந்து கூரை நோக்கி மட்டுமே கை போக வேண்டும். எதிர்த்திசையில் இழுத்தால் டேப்பையும் அறுத்துக்கொண்டு விரலில் இறங்கிவிடும்.

முதுகுப் பகுதியைத் தாளால் தொடவே தொடாதீர்கள். தீட்டுக்கல்லில் தீட்டும்போது முதுகும் கூரும் ஒருசேரக் கல்லில் படிகின்றன. தீட்டும் கோணத்தை நிர்ணயிப்பது அந்த முதுகின் கனம்தான். அதைத் தேய்த்துக் குறைத்தால் கோணமே மாறிவிடும். அலகில் பொன்னிற எழுத்தோ சித்திரமோ இருந்தால் பாலிஷ்கூட வேண்டாம், இரண்டு தேய்ப்பில் அழிந்துவிடும்.

குழிகள் அலகின் நடுவில் இருந்தால் அவற்றினுள் இருக்கும் துருவை மட்டும் நீக்கிவிட்டு, குழியை அப்படியே விட்டுவிடலாம். சவரத்துக்கு அது இடையூறில்லை. கூர்விளிம்பிலேயே குழி இருந்தால் நிலைமை வேறு. நல்ல எஃகு வரும் வரை விளிம்பைக் கல்லில் தேய்த்துப் பின்வாங்கச் செய்ய வேண்டும், அது கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை. பெரும்பாலான கத்திகளின் அகலம் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டர் போனால் பாதகமில்லை. அதற்கு மேல் போகுமானால், தாத்தாவின் நினைவாகக் கத்தியைப் பெட்டியில் வைத்திருப்பதே மேல் என்பது என் எண்ணம்.

கேள்வி: என் கத்தியைச் சுத்தம் செய்து எண்ணெய் தடவி வைத்தாலும், கைப்பிடிக்குள் மடங்கும் பகுதியில் மட்டும் சில வாரங்களில் மீண்டும் துரு வருகிறது. காரணம் என்ன? – வாசகர், காரைக்குடி

பதில்: கைப்பிடியை முகர்ந்து பாருங்கள். பழைய கைப்பிடிகள் பல செல்லுலாய்டால் ஆனவை. நைட்ரோசெல்லுலோஸையும் கற்பூரத்தையும் சேர்த்துச் செய்யும் அந்தப் பொருள் முதுமையில் சிதையத் தொடங்கினால், அமிலத்தன்மை கொண்ட நைட்ரஜன் ஆக்ஸைடு வாயுக்களை வெளியிடும். அவைதான் கைப்பிடியை ஒட்டிய அலகை அரிக்கின்றன. காரமான நெடியும், நுண்வெடிப்புகளும், பித்தளை ஆணிகளைச் சுற்றிப் பச்சைக் களிம்பும் இருந்தால் ஐயமே வேண்டாம். அந்தக் கைப்பிடிக்கு மருந்து கிடையாது. ஆணியைக் கழற்றி அலகைப் பிரித்து வேறு கைப்பிடி போட வேண்டியதுதான். செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றும் என்பதால், கழற்றிய கைப்பிடியை அடுப்பருகிலோ வெயிலிலோ போட்டுவைக்காதீர்கள்.

நெடி ஏதும் இல்லையென்றால், ஆணியைச் சுற்றி ஈரம் தங்குகிறது. சவரம் முடிந்ததும் அந்த இடுக்கில் துணி முனையை நுழைத்துத் துடைத்து, ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் சிக்குப் பிடித்துவிடும். தோலுறையும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். குளியலறை அலமாரியோ அதைவிடக் கேடு.

கேள்வி: என்னுடையது ஸ்டெயின்லெஸ் கத்தி. ஆனாலும் வெள்ளையும் பழுப்புமாகத் திட்டுகள் வருகின்றனவே? – வாசகர், ராமநாதபுரம்

பதில்: வெள்ளைத் திட்டு உங்கள் ஊர் போர் தண்ணீரின் வேலையாக இருக்கலாம். கடின நீரிலுள்ள சுண்ணாம்பும் சோப்பும் சேர்ந்து படிகின்றன. சமபங்கு தண்ணீர் கலந்த வினிகரைத் துணியில் நனைத்துத் துடைத்து, உடனே நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்தினால் போய்விடும். கார்பன் எஃகுக் கத்தியில் இதைச் செய்யக் கூடாது. பழுப்புத் திட்டு துருவேதான். குரோமியம் கலந்திருப்பதால் ஸ்டெயின்லெஸ் துருவை எதிர்த்து நிற்கும், துருவே பிடிக்காது என்பதில்லை. உப்புத் தண்ணீர் அதன்மேல் காய்ந்துகொண்டே இருந்தால் அதிலும் குழி விழும். இனிமேல் கடைசி அலசலை மட்டும் குடிதண்ணீரில் செய்து, ஈரம் காயும்முன் துடைத்துவிடுங்கள்.