மகளின் விண்ணப்பத்தில் ‘ஆஃப்ரோசென்ட்ரிக்’: ஒரு மன்னார்குடி அப்பாவுக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

போன வாரம் போனில் நீங்கள் கேட்டதை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன். “எம்.ஏ. இங்கிலீஷ் முடிச்ச பொண்ணு பி.எட். சேரும்னு நெனச்சேன். அது அமெரிக்காவுக்கு பிஎச்.டி. அப்ளிகேஷன் போடுறேன்னு நிக்குது. எழுதுனதப் பார்த்தா பக்கத்துக்குப் பக்கம் ஆஃப்ரோசென்ட்ரிக்னு இருக்கு. இது ஏதாச்சும் கட்சி சமாச்சாரமா? விசாவுல பிரச்சனை வருமா? அப்புறம் வேலை?” மூன்றுமே கேட்க வேண்டிய கேள்விகள்தான். சொல்லிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் மகளுக்கே அதில் கொஞ்சம் தெளிவு வேண்டியிருந்தது.

ஆப்பிரிக்க மக்களின் கதையை அவர்கள் நிற்கும் இடத்தில் நின்று பார்ப்பது, அதுதான் ஆஃப்ரோசென்ட்ரிக் பார்வை. டேவிட் லிவிங்ஸ்டன் 1855இல் விக்டோரியா அருவியைக் கண்டுபிடித்தார் என்று பொது அறிவுப் புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அவரைப் படகில் ஏற்றி அங்கே கூட்டிப் போனவர்கள் கொலோலோ மக்கள். அந்த அருவிக்கு அவர்கள் நாவில் ஏற்கெனவே பெயர் இருந்தது: மோசி-ஓவா-துன்யா, இடி முழங்கும் புகை. தண்ணீரும் அதே, ஆண்டும் அதே. படகில் உட்கார்ந்து வந்தவரிடமிருந்து கதையைத் தொடங்குகிறோமா, துடுப்புப் போட்டவர்களிடமிருந்து தொடங்குகிறோமா என்பதில்தான் எல்லாம் மாறுகிறது.

நெல் விவசாயம் பார்த்த குடும்பம் என்று சொன்னீர்கள், அதனால் இன்னொன்றும் சொல்கிறேன். நாம் பயிரிடும் ஆசிய நெல்லைத் தவிர ஆப்பிரிக்காவுக்கென்று தனி நெல் இனம் ஒன்று உண்டு. நைஜர் ஆற்றின் உள்நாட்டுச் சமவெளியில், இன்றைய மாலி நாட்டில், அங்குள்ள மக்கள் காட்டு நெல்லிலிருந்து பழக்கி எடுத்த பயிர் அது. பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் தென் கரோலினா நெல்லால் பெரும் பணம் பார்த்தது. அங்கிருந்த தோட்ட முதலாளிகள் மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் கரையிலிருந்து அடிமைகளாகப் பிடித்து வரப்பட்டவர்களைத் தேடி வாங்கினார்கள். சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் கப்பல் வந்ததும் போட்ட விற்பனை விளம்பரங்களில் ‘நெல் கரையிலிருந்து வந்தவர்கள்’ என்பதைச் சிறப்பாகக் குறிப்பிட்டார்கள். பழைய வரலாறு இவர்களை வெறும் கூலியில்லாக் கைகளாகத்தான் எழுதியது. ஆப்பிரிக்க மையப் பார்வை, நாற்று, சேறு, மடை, உமி நீக்கும் உரல் எல்லாம் தெரிந்த உழவர்களாக அவர்களை எழுதச் சொல்கிறது. கரோலினாவின் நெல் வயலில் அந்த அறிவின் பங்கு எவ்வளவு என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். வாதாடட்டும். அப்படி ஒரு கேள்வி எழுந்ததே கதை தொடங்கும் இடம் மாறியதால்தான்.

கட்சி சமாச்சாரமா என்ற கேள்விக்கு, இல்லை என்பதுதான் பதில். ஆனால் போராட்டத்தின் வழியாகப் பல்கலைக்கழகத்துக்குள் வந்த படிப்பு என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் 1968 நவம்பரில் மாணவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். மறு ஆண்டு மார்ச் வரை நீடித்த அந்தப் போராட்டத்தின் பலனாகத்தான் கறுப்பினத்தவர் ஆய்வுக்குத் தனித் துறை பிறந்தது. சொல் அதற்கும் மூத்தது. கறுப்பின அறிஞர் டபிள்யூ.ஈ.பி. டு போய்ஸ் 1961இல் கானாவுக்குக் குடிபெயர்ந்து, 1963இல் அக்ராவில் காலமாகும்வரை ஆப்பிரிக்கக் கலைக்களஞ்சியம் ஒன்றுக்காக உழைத்தார். அது எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல அவர் இதே சொல்லைக் கையாண்டிருக்கிறார். இதைக் கோட்பாடாக வளர்த்தவர் மொலெஃபி கெட்டே அசாந்தே. 1980இல் அவர் எழுதிய நூலோடு இது தனிச் சிந்தனைப் பள்ளியாகவே ஆனது. ஃபிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் 1988இல் ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வுக்கான முதல் முனைவர் பட்டப் படிப்பைத் தொடங்கியவரும் அவர்தான்.

இனி உங்கள் மகள் விஷயம். சனிக்கிழமை காலையில் அச்செடுத்த இரண்டு பக்கத்தோடு வந்தாள். நான் பென்சிலை அவள் கையில் கொடுத்து, அந்தச் சொல் வரும் இடத்தையெல்லாம் வட்டம் போடச் சொன்னேன். ஒன்பது வட்டம் விழுந்தது. ஒவ்வொன்றாக வந்தோம். ‘ஆஃப்ரோசென்ட்ரிக் பெண்களின் துயரம்’ என்று ஓரிடத்தில் இருந்தது. யார் அந்தப் பெண்கள் என்று கேட்டேன். “கறுப்பினப் பெண்கள் மேடம்.” அப்படியானால் அதையே எழுதும்மா என்றேன். ‘ஆஃப்ரோசென்ட்ரிக் நாடுகள்’ என்ற இடத்தில் ஆப்பிரிக்க நாடுகள் என்றாலே போதும். ‘ஆஃப்ரோசென்ட்ரிக் நாவல்’ என்ற இடத்தில் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, “கறுப்பினத்தவர் எழுதினாலே அப்படி ஆயிடாது இல்ல?” என்று அவளே கேட்டாள். ஆகாது. கறுப்பின எழுத்தாளர் ஒருவர் ஐரோப்பாவை அளவுகோலாக வைத்தும் எழுதலாம். வேறு இனத்தவர் ஆப்பிரிக்காவை மையத்தில் வைத்தும் ஆராயலாம். அந்த ஒரு கேள்வியைக் கேட்டபோதே இந்தப் பிள்ளை ஆராய்ச்சிக்குப் போகலாம் என்று எனக்குத் தோன்றியது. ஒன்பது இரண்டானது. அந்த இரண்டுக்கும் அவளால் காரணம் சொல்ல முடிந்தது.

வெளியே இந்தச் சொல் தளர்வாகவே புழங்குகிறது. கென்டே துணி, நகை, கல்யாண அலங்காரம், கூந்தல் பின்னல் என்று கடைகளில் எல்லாவற்றுக்கும் இந்தப் பெயர் உண்டு. அது தவறில்லை, மக்கள் பெருமையோடு உடுத்துவதற்கு வைத்துக்கொண்ட பெயர். டொராண்டோவில் 2009இல் இந்தப் பார்வையில் பாடம் நடத்தவே ஓர் அரசுப் பள்ளி தொடங்கினார்கள். அங்கே ‘ஆஃப்ரிசென்ட்ரிக்’ என்று எழுதுகிறார்கள். ஆனால் முனைவர் பட்ட விண்ணப்பத்தைப் படிக்கும் பேராசிரியர் கடைப் பொருளில் படிக்க மாட்டார். அவருக்கு அது அசாந்தேயின் கோட்பாட்டைக் குறிக்கும்.

அவள் செய்யவிருந்த பெரிய தவறும் இதில்தான் இருந்தது. ஒரே கட்டுரையை ஆறு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பத் தயாராக இருந்தாள். டெம்பிள் இந்தக் கோட்பாட்டின் தாய்வீடு. ஹார்வர்டில் வளர்ந்த மரபு வேறு. அங்குள்ள முக்கிய அறிஞர்கள் ஆஃப்ரோசென்ட்ரிசத்தை வெளிப்படையாக விமர்சித்தவர்கள். கார்னெல் 1969இலிருந்தே ஆப்பிரிக்கா, கரீபியன், அமெரிக்கா மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் மையம் நடத்துகிறது. எல்லாம் கறுப்பினத்தவர் ஆய்வுதான், ஆனால் எல்லாம் ஆஃப்ரோசென்ட்ரிக் இல்லை. ஹார்வர்டுக்கு அனுப்பும் கட்டுரையில் விளக்கமில்லாமல் இந்தச் சொல்லைப் போட்டால், இந்தப் பெண் எங்கள் பேராசிரியர்களைப் படிக்கவில்லை என்றுதான் அங்கே நினைப்பார்கள்.

எதிர்வாதங்களையும் அவள் படித்தே ஆக வேண்டும். இந்த அணியைச் சேர்ந்த சிலர், கிரேக்கத் தத்துவமே எகிப்திலிருந்து திருடப்பட்டது, கிளியோபாட்ரா கறுப்பினத்தவர் என்ற அளவுக்குப் போனார்கள். அதற்கு ஆதாரம் இல்லை என்று 1990களில் பழங்கால கிரேக்க, ரோம ஆய்வாளர்கள் கடுமையாக மறுத்தார்கள். கறுப்பினப் பெண்ணியவாதிகளிடமிருந்தும் விமர்சனம் உண்டு: ஆப்பிரிக்கா முழுவதையும் ஒரே பண்பாடாக்கி, அதில் பெண்ணைக் குடும்பத்துக்குள் அடைக்கிறார்கள் என்று. உங்கள் மகள் ஆராய நினைப்பது பெண் பாத்திரங்களை. இந்த விமர்சனத்துக்கு அவளிடம் பதில் இல்லையென்றால் நேர்காணலில் திணறுவாள். பதில் இருந்தால் அதுவே அவள் ஆய்வின் பலம்.

விசாவைப் பற்றி நான் உறுதி கொடுக்க முடியாது. யாரும் கொடுக்க முடியாது. விசா நேர்காணலில் கோட்பாட்டை விளக்க வேண்டியதில்லை. ஆப்பிரிக்க அமெரிக்க இலக்கியம் படிக்கப் போகிறேன், இந்தப் பல்கலைக்கழகம், பணம் இந்த வழியில் என்று எளிமையாக, உண்மையாகச் சொன்னால் போதும். சில மாநிலங்களில் இந்தப் பாடமே அரசியல் சர்ச்சையாகியிருக்கிறது. பள்ளி மாணவர்களுக்கான ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வுப் பாடத்தை ஃபுளோரிடா 2023 ஜனவரியில் ஏற்க மறுத்தது. அதனால் பல்கலைக்கழகத்தோடு மாநிலத்தையும் பார்த்துத் தேர்வு செய்யச் சொல்லியிருக்கிறேன்.

பணத்தில் மட்டும் நான் கறாராகச் சொல்வேன், ஐயா. இந்தப் படிப்புக்காக நிலத்தை அடமானம் வைக்காதீர்கள். கல்விக் கடன் வாங்கி அமெரிக்காவில் இன்னொரு எம்.ஏ. படிப்பதும் வேண்டாம். கட்டணத்தை நீக்கி, மாத உதவித்தொகையும் தரும் முனைவர் பட்ட இடம் கிடைத்தால் மட்டும் போகட்டும். பல இடங்களில் விண்ணப்பக் கெடு டிசம்பரிலேயே வந்துவிடும். உதவித்தொகையோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை யோசித்துப் பதில் சொல்லலாம். அந்த ஆண்டு கிடைக்காவிட்டால் மறு ஆண்டு போடலாம்.

வேலை? பேராசிரியர் பணியிடங்கள் அங்கேயும் குறைவு, இங்கேயும் குறைவு. மறைத்துப் பேசி என்ன பயன். அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், பதிப்பகம் ஆகியவற்றிலும் வழி உண்டு. நம் நாட்டில் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 1950களிலிருந்தே ஆப்பிரிக்க ஆய்வுத் துறை இருக்கிறது, ஜே.என்.யூ.விலும் மும்பையிலும் மையங்கள் உண்டு. ஆனால் திரும்பி வந்து இங்குள்ள ஆங்கிலத் துறையில் சேர நினைத்தால், ‘ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வு’ என்ற பட்டம் ஆங்கிலத்துக்குச் சமமா என்ற கேள்வியை எழுப்புவார்கள். அதனால் போகும் முன்பே கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வை ஆங்கிலப் பாடத்தில் எழுதி முடித்துவிடச் சொல்லியிருக்கிறேன். கூடவே பிரெஞ்சு. மேற்கு ஆப்பிரிக்காவில் பாதிக்கு மேற்பட்ட நாடுகளின் எழுத்துக்குள் போக அந்த மொழி வேண்டும்.

நீங்கள் ஒரு காரியம் செய்யுங்கள். இன்று சாப்பாடு முடிந்ததும் அவளை உட்கார வைத்து, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், உன் கட்டுரையில் அது எதற்கு என்று கேளுங்கள். தமிழில் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரிகிற வரை சொல்லட்டும். புரியாத இடத்தில் நிறுத்திக் கேளுங்கள். அந்த இடங்களைக் குறித்துக்கொண்டு வரும் சனிக்கிழமை அவளோடு நீங்களும் வாருங்கள். கட்டுரையைத் திருத்த வேண்டியது அந்த இடங்களில்தான்.