மூலக்கோப்பைத் தொடாதீர்கள், முதலில் கொப்பி எடுங்கள்

வணக்கம் அண்ணை. சுன்னாகத்துக் கடையில் பில் போடும் மென்பொருள் கிழமைக்கு இரண்டு தடவை தரவுத்தளப் பிழை காட்டுகிறது, விற்றவர்கள் போன் எடுப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். வயிறு எரிகிறது. எங்கள் கடையிலும் "நாளைக்கு ஆள் வரும்" என்றே ஆறு கிழமை போனது. கார்பன் தாள் வைத்துக் கையால் பில் எழுதினோம்.

நீங்கள் போட்ட படத்தில் கோப்பின் பெயர் எம்டிபி (.mdb) என்று முடிகிறது. அப்படியென்றால் அது அக்சஸ், அதாவது மைக்ரோசொஃப்டின் தரவுத்தள மென்பொருளில் செய்த கோப்பு. அந்தக் கோப்பு 2 ஜிபி அளவுக்கு மேல் தாங்காது. பதியும் நேரத்தில் கரண்ட் போனாலும் கெட்டுவிடலாம். எல்லாக் கணினியிலும் மென்பொருளை மூடிவிட்டுக் கோப்பைக் கொப்பி எடுங்கள். அப்புறம் அந்தக் கொப்பியில் மட்டும், கெட்ட கோப்பைச் சரிசெய்ய அக்சஸிலேயே இருக்கும் 'கம்பாக்ட் அண்ட் ரிப்பேர்' வசதியை ஓட்டிப் பாருங்கள். திறந்தால் சரக்கு, கடன் கணக்கை உடனே எக்செலுக்கு இறக்குங்கள். வேறு மென்பொருளுக்கு மாற அதுதான் கைகொடுக்கும். யூபிஎஸ் இல்லையென்றால் இன்றைக்கே வாங்குங்கள் அண்ணை.