புரத சிமுலேஷன் டேட்டாவை நேராக நியூரல் நெட்வொர்க்கில் போடலாமா?

ஒரு பெரிய புரதத்தின் அணுக்கள் எப்படி அசைகின்றன என்று கணினியில் சிமுலேஷன் ஓட்டி முடித்துவிட்டேன், டேட்டா மலைபோல் கிடக்கிறது, அப்படியே நியூரல் நெட்வொர்க்கிடம் கொடுத்தால் முக்கியமான அசைவுகளைக் கண்டுபிடித்துத் தருமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்துத் தரும். நான் பட்டதைச் சொல்கிறேன்.

ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது, இரண்டு சங்கிலிகள் கொண்ட ஒரு புரதத்தின் அணு ஆயத்தொலைவுகளை அப்படியே ஒரு ஆட்டோஎன்கோடரில் (டேட்டாவைச் சில எண்களாகச் சுருக்கும் நியூரல் நெட்வொர்க்) கொட்டினேன். ஒரு புள்ளி என்பது சிமுலேஷனின் ஒரு கணப் படம், அதாவது ஒரு ஃபிரேம்; அந்தப் புள்ளிகள் பளிச்சென்று இரண்டு கும்பலாகப் பிரிந்தன. புரதம் திறந்து மூடுகிறது என்று கைடிடம் ஓடினேன். அவர் இரண்டு கும்பலிலிருந்தும் ஒவ்வொரு ஃபிரேமை எடுத்து மூலக்கூறுகளைத் திரையில் காட்டும் விஎம்டி மென்பொருளில் திறந்தார். ஒரு சங்கிலி, சிமுலேஷனில் புரதம் மிதக்கும் நீர்ப்பெட்டியின் வலது சுவர் வழியே வெளியேறி இடது சுவர் வழியே உள்ளே வந்திருந்தது. எல்லைக் கணக்கு அப்படித்தான் வேலை செய்யும். அதைச் சரிசெய்யாமல் விட்டது நான். "ரெண்டும் ஒரே நிலைதானப்பா" என்றார். மூன்று வாரம் போச்சு.

அதிலிருந்து ஆயத்தொலைவுகளை நான் தொடுவதே இல்லை. அணுக்களுக்கு இடையிலான தூரங்கள், புரதச் சங்கிலியின் முதுகெலும்பு முறுகும் ஃபை, சை கோணங்கள், அவ்வளவுதான். (1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி. என். ராமச்சந்திரன் குழு வெளியிட்ட வரைபடத்தின் இரண்டு அச்சுகளும் இந்தக் கோணங்களே.) ஆனால் கோணத்தைச் சைன், கொசைனாக மாற்றிக் கொடுங்கள். 179 பாகைக்கும் −179 பாகைக்கும் இடைவெளி 2 பாகைதான் என்று நெட்வொர்க்குக்குத் தெரியாது.

அடுத்த சிக்கல், பெரிய அசைவை முக்கியமான அசைவு என்று நம்பிவிடுவது. பிசிஏ (டேட்டா அதிகம் மாறும் திசைகளைத் தேடும் முறை) போட்டால் பெரும்பாலும் புரதத்தின் தளர்ந்த வால் ஆடுவதுதான் முதலில் வந்து நிற்கும். நமக்கு வேண்டியது மெதுவான அசைவு. அதற்கு டிஐசிஏ என்ற முறை இருக்கிறது: இப்போதைய வடிவத்தின் எந்த அம்சம் கொஞ்ச நேரம் கழித்தும் அழியாமல் மிஞ்சுகிறது என்று தேடும். 2018-இல் வந்த வாம்ப்நெட் இதையே நியூரல் நெட்வொர்க்கால் செய்கிறது. முதலில் டிஐசிஏ போட்டுப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும்.

அப்புறம், ஃபிரேம்களைக் கலைத்துப்போட்டுப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிக்காதீர்கள். அடுத்தடுத்த ஃபிரேம்கள் கிட்டத்தட்ட ஒரே படம். மதிப்பெண் அள்ளும், ஒன்றும் கற்றிருக்காது. ஒரு சிமுலேஷன் ஓட்டம் முழுவதும் ஒரே பக்கம் இருக்கும்படி ஓட்டம் ஓட்டமாகப் பிரியுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், நீங்கள் தேடும் மாற்றம் அந்த டேட்டாவில் எத்தனை முறை நடந்திருக்கிறது என்று எண்ணுங்கள். 58 அமினோ அமிலங்களே கொண்ட பிபிடிஐ புரதத்தை 1977-இல் சுமார் 9 பிகோ நொடிக்கு (பிகோ நொடி என்பது ஒரு நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) ஓட்டினார்கள். 2010-இல், இந்த வகை சிமுலேஷனுக்கென்றே கட்டிய ஆன்டன் கணினி அதையே 1 மில்லி நொடிக்கு ஓட்டியபோதுதான், சில நிலைகளுக்கு இடையே அது மெல்ல மாறி மாறிப் போவது தெரிந்தது. உங்கள் புரதம் ஒரே ஒரு தடவை திறந்திருந்தால், அது எவ்வளவு அடிக்கடி திறக்கும் என்று எந்த மாடலாலும் சொல்ல முடியாது. இன்னும் சில ஓட்டங்களை வரிசையில் போட்டுவிட்டு வாருங்கள்.