கர்ணம் வீட்டுப் பேத்தியும் மாக்ஸ் வேபரும்

வணக்கம் சார்,

ஹைதராபாத்தில் எம்.ஏ. சமூகவியல் முதலாண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் அரசியல் சமூகவியல் ஒரு தாள். ஜெர்மன் சமூகவியலாளர் வேபரில் தொடங்கி, பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோவரை வந்துவிட்டோம். வகுப்பு முடிந்து வெளியே வந்தால் ஹாஸ்டல் மெஸ், அம்மாவின் போன், எல்லாமே அதிகாரமாகத் தெரிகிறது. எல்லாமே அதிகாரம் என்றால் அப்புறம் ஆராய என்ன மிச்சம்? வீட்டிலோ இது ஐ.ஏ.எஸ்.ஸுக்கு உதவுமா என்று மட்டும்தான் கேட்கிறார்கள். என் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கம் கர்ணமாக, அதாவது கிராமத்து நிலக் கணக்கு எழுதுபவராக, இருந்தவர். எம்.ஜி.ஆர். அந்தப் பதவியை ஒழித்ததை எங்கள் வீட்டில் இன்றும் அநியாயம் என்றுதான் சொல்வார்கள். அரசைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே சொந்தக் கதை அதுதான்.

ச.

அன்புள்ள ச.,

வீட்டாரின் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். உதவும். குடிமைப் பணித் தேர்வில் சமூகவியலை விருப்பப் பாடமாக எடுத்தால் முதல் தாளிலேயே அதிகாரக் கோட்பாடுகள் உண்டு. நாலு பேரை வரிசையாக அடுக்கி, கடைசியில் யாருக்கும் வலிக்காமல் இரண்டு வரி எழுதினால் மதிப்பெண். அந்தப் பழக்கத்தை மட்டும் எம்.ஏ.வுக்குள் கொண்டுவராதீர்கள்.

உங்கள் எரிச்சல் நியாயமானது. எல்லாம் அதிகாரம் என்பது ஃபூக்கோவை அவசரமாகப் படித்தவர்களின் கேன்டீன் வசனம். இந்த ஊரில் நடந்தது பக்கத்து ஊரில் ஏன் நடக்கவில்லை என்று சொல்ல முடிந்தால்தான் அது விளக்கம்.

அமெரிக்க அரசியல் ஆய்வாளர் மாத்யூ கிரென்சன் 1971இல் அதைத்தான் செய்தார். இந்தியானா மாநிலத்தில் அடுத்தடுத்து இரண்டு எஃகு நகரங்கள்: ஈஸ்ட் சிகாகோ, கேரி. இரண்டிலும் புகை. ஈஸ்ட் சிகாகோ 1949இலேயே அதற்கு எதிராகச் சட்டம் போட்டது. கேரி 1962வரை போடவில்லை. கேரி என்பது யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் 1906இல் உண்டாக்கிய ஊர், பெயரே அதன் தலைவர் எல்பர்ட் கேரியுடையதுதான். நிறுவனம் யாரையும் மிரட்டவில்லை, கூட்டத்தில் எழுந்து எதிர்க்கவும் இல்லை. ஆதரிக்கிறோம் என்றும் சொல்லாது, எதிர்க்கிறோம் என்றும் சொல்லாது. கம்பெனிக்குப் பிடிக்காது என்று ஊரே நினைத்துக்கொண்டு ரொம்ப காலம் பேச்சையே எடுக்கவில்லை. எடுத்த முடிவுகளில் யார் பக்கம் ஜெயித்தது என்று எண்ணிப் பார்க்கும் ஆய்வாளருக்கு இங்கே வேலையே இல்லை. முடிவு என்று ஒன்று வந்தால்தானே எண்ண முடியும்? ஒரு பிரச்சினை பேச்சுக்கே வராமல் போவதிலும் அதிகாரம் இருக்கிறது என்று 1974இல் பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஸ்டீவன் லூக்ஸ் கிரென்சனைக் கையில் பிடித்துக்கொண்டு வாதாடியது இதற்காகத்தான்.

இப்போது உங்கள் தாத்தா. வேபர் 1919 ஜனவரியில் மியூனிக்கில் பேசிய உரையில், வன்முறைமீது அரசுக்கு உள்ள ஏகபோகம் பற்றிய வரியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே உரையில் இன்னொன்றும் இருக்கிறது. நிர்வாகம் செய்பவருக்கு நிர்வாகத்தின் கருவிகள் சொந்தமாக இல்லாமல் போவதுதான் நவீன அரசின் அடையாளம் என்கிறார். கர்ணம் விஷயத்தில் கருவி என்பது கணக்கு நோட்டுகள். அவை இருந்தது அவர் வீட்டில். யாருக்கு எந்த சர்வே எண், யார் பயிர் வைத்திருக்கிறார் என்று தெரிய வேண்டுமென்றால் அந்தத் திண்ணைக்குத்தான் போக வேண்டும். பரம்பரை உரிமை சட்டப்படி 1968இலேயே போய்விட்டது, ஆனாலும் பழைய ஆட்கள் பலர் தொடர்ந்தார்கள். 1980 நவம்பரில் அவசரச் சட்டம் வந்து பதவிகளே ஒழிந்தன. பின்னர் தேர்வு எழுதி வந்த, சம்பளம் வாங்கும், மாற்றல் ஆகும் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். ஒரே நாளில் வேலையை இழந்தவர்களின் கசப்பு புரிகிறது. என்றாலும், பதிவேடு அரசின் கைக்கு வந்தது சரியான காரியம் என்பதே என் எண்ணம்.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் கிராமப் பதிவேடுதான் அடங்கல், அதில் பயிரிடுபவர் யார் என்று எழுத வேண்டும். வாய்மொழிக் குத்தகைக்காரர் பெயர் கர்ணம் காலத்தில் அங்கே ஏறுவது அபூர்வம். 1969இல் குத்தகை உரிமையைப் பதிய ஒரு சட்டமே வந்தது. பதியக் கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்று தெரிந்தவர் கேட்கமாட்டார். இன்று பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் வேண்டும் என்கிறார்கள், அந்தக் குத்தகைக்காரர் இன்றும் அதே இடத்தில் நிற்கிறார். மனு இல்லை, மறுப்பு இல்லை, வழக்கும் இல்லை. வேபர் சொன்ன மாற்றம் நடந்துவிட்டது. பேச்சே ஏன் எழவில்லை என்ற கிரென்சனின் கேள்வி அசையவே இல்லை. அலுவலர் மாறியும் பதிவேட்டில் ஏறாத பெயர் ஏன் ஏறவில்லை என்பது ஒரு ஆய்வுக் கட்டுரைக்குத் தாராளமாகப் போதும்.

பதவி ஒழிப்பை எதிர்த்து கர்ணங்கள் உச்ச நீதிமன்றம்வரை போய் 1982இல் தோற்றார்கள். கே. ராஜேந்திரன் எதிர் தமிழ்நாடு அரசு என்று தேடினால் தீர்ப்பு இணையத்தில் கிடைக்கும். கிராமப் பதவிகளின் வரலாறும் அதில் இருக்கிறது. ஃபூக்கோ அடுத்த வாரம்வரை காத்திருக்கட்டும், முதலில் இதைப் படியுங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்ட அதே கேள்விகளை அந்த நிலங்களைக் குத்தகைக்கு உழுதவர்களிடமும் கேளுங்கள். கர்ணத்தின் பேத்தி என்று தெரிந்தால் முதல் நாள் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.