15 வருட அனுபவத்துக்குப் பல்கலைக்கழகத்தில் கிரெடிட் கிடைக்குமா?
டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் 15 வருடமாகக் குழந்தைகள் காப்பகம் நடத்தும் அக்கா இப்போது பட்டம் படிக்கப் போனால், அந்த அனுபவத்தைக் கணக்கில் எடுப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாய்ப்பு உண்டு. தென்னாப்பிரிக்காவில் இதை ஆர்பிஎல் (RPL, ஏற்கெனவே கற்றதை அங்கீகரிப்பது) என்பார்கள், தொலைநிலைக் கல்வி தரும் யுனிசா பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. ஆனால் எத்தனை வருடம் வேலை பார்த்தீர்கள் என்பதற்குக் கிரெடிட் இல்லை, அதில் என்ன கற்றீர்கள், அது பாடத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்குத்தான். ஒரு கிரெடிட் என்பது ஏறத்தாழ 10 மணி நேரப் படிப்பு, மூன்று வருடப் பட்டத்துக்கு 360 வேண்டும், அத்தனையையும் அனுபவத்தைக் காட்டியே வாங்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். மெட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) சரியாக அமையாதவர்களுக்குச் சேர்க்கைக்கு மட்டும் உதவும் ஆர்பிஎல்லும் உண்டு, அது வேறு.

உண்மையான வேலை போர்ட்ஃபோலியோதான், அதாவது கற்றதை நிரூபிக்கும் ஆவணத் தொகுப்பு. அக்கா தினமும் எழுதிய பாடத் திட்ட நோட்டு, வருகைப் பதிவேடு, பெற்றோர் கொடுத்த கடிதம், முதலுதவிச் சான்றிதழ் எல்லாவற்றையும் தேடி எடுக்கச் சொல்லுங்கள். நகல்கள் அசலைப் போலவே இருக்கின்றன என்று போலீஸ் ஸ்டேஷனில் இலவசமாகவே முத்திரை குத்தித் தருவார்கள் (வரிசையில் நிற்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்). அப்புறம், "குழந்தைகளைப் பார்த்துக்கொண்டேன்" என்று எழுதினால் போதாது. பேசவே பேசாத குழந்தையைப் பேச வைக்க என்ன செய்தார், ஏன் அப்படிச் செய்தார் என்று எழுதட்டும். மதிப்பீட்டாளர் தேடுவது அந்த "ஏன்" தான். கட்டணத்தை மட்டும் விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.