போனில் ஆடும் ஃபேன்டசி ஆர்பிஜி விளையாட்டில் அப்படி என்ன இருக்கிறது?

தம்பி தினமும் ஆடுகிறான், நானும் ஏற்றிப் பார்த்தேன், மூன்றே நாளில் சலித்துவிட்டது, ஆடுகிறவர்களுக்கு அதில் என்னதான் கிடைக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆர்பிஜி என்றால் கதாபாத்திரங்களை வளர்த்துக்கொண்டே ஒரு கதைக்குள் போகிற விளையாட்டு. நான் ஆறேழு வருடமாக ஆடுகிறேன். சிங்கப்பூரில் செங்காங்கில் வீடு, ஹார்பர்ஃபிரண்ட் பக்கம் வேலை. வடகிழக்குப் பாதை ரயிலில் போக அரை மணி, வர அரை மணி. காலையில் உட்கார இடம் கிடைக்காது. ஒரு கையில் கம்பி, இன்னொரு கையில் போன். என் ஆட்டத்தில் பாதிக்கு மேல் அந்த ரயிலில்தான் நடந்திருக்கிறது.

உங்களுக்கு மூன்று நாளில் சலித்ததில் ஆச்சரியமே இல்லை. இந்த வகை விளையாட்டுகளில் பெரும்பாலானவை முதல் சில நாட்களுக்கு நம்மைத் தோற்கவே விடாது. மின்னுகிற பட்டனைத் தொட்டால் போதும், எதிரி விழுவான், பெட்டி திறக்கும், லெவல் ஏறும். தானாக ஆடும் ஆட்டோவைப் போட்டுவிட்டால் தொடக்கூட வேண்டாம். ஜெயிப்பதற்கு நாம் ஒன்றும் செய்யவில்லை என்பது மனசுக்குத் தெரிந்துவிடுகிறது. என் அனுபவத்தில், முதன்முறையாக ஒரு சண்டையில் தோற்று, ஏன் தோற்றோம் என்று நமக்கே புரிகிற அன்றுதான் விளையாட்டு தொடங்குகிறது. உங்கள் தம்பி அந்தக் கட்டத்தைத் தாண்டியிருப்பான். நீங்கள் அதற்கு முன்பே இறங்கிவிட்டீர்கள்.

எனக்கு அப்படி நடந்தது கென்ஷின் இம்பேக்ட்டில். 2020 செப்டம்பரில் வெளிவந்தது, தம்பியின் போனிலும் இருக்கலாம். நான்கு பேர் கொண்ட அணி. ஆளுக்கு ஒரு சக்தி: தீ, நீர், பனி, மின்சாரம் என்று மொத்தம் ஏழு. ஒன்றின்மேல் ஒன்று பட்டால் புதிதாக ஏதாவது நடக்கும். நனைந்தவன்மேல் பனி பட்டால் உறைந்துபோவான். தீயும் நீரும் சேர்ந்தால் அடியின் பலம் கூடும். அதிலும் ஒரு கணக்கு உண்டு. தீப்பிடித்த எதிரியை நீரால் அடித்தால் அடி 2 மடங்கு, நனைந்த எதிரியைத் தீயால் அடித்தால் 1.5 மடங்கு.

ஸ்பைரல் அபிஸ் என்று அதில் 12 தளம் கொண்ட ஒரு சோதனை இருக்கிறது. நேரத்துக்குள் முடித்தால்தான் முழு நட்சத்திரம். கடைசித் தளத்தில் வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டிருந்தேன். என்னிடம் தீயை ஆளும் சியாங்லிங் இருந்தாள், நீரை ஆளும் ஷிங்சியூ இருந்தான். 2 மடங்கு என்று போட்டிருக்கிறதே என்று முதலில் தீயைக் கொடுத்து, கடைசியில் நீரால் அடித்துக்கொண்டிருந்தேன். நேரம் போதவே இல்லை. ஆயுதம் சரியில்லை, அதிர்ஷ்டம் சரியில்லை என்று நினைத்தேன்.

அக்கா மகன் அப்போது தேசிய சேவையில் இருந்தான். வெள்ளிக்கிழமை இரவு முகாமிலிருந்து வந்தால் எங்கள் புளோக் கீழே இருக்கும் கோப்பிக்கடையில் சந்திப்போம். போனை வாங்கி ஒரு நிமிடம் பார்த்தான். "மாமா, நீங்க தண்ணிய கடைசில அடிக்கிறீங்க. ஷிங்சியூவோட வாள் ஒவ்வொண்ணும் சின்ன அடி. சின்ன அடிய ரெண்டு மடங்காக்கி என்ன பண்றது? தண்ணிய முதல்ல போட்டு நனைச்சுடுங்க, அப்புறம் சியாங்லிங்க விடுங்க. பெரிய அடிக்கு ஒன்றரை மடங்கு கிடைக்கும்ல?" என்றான். நடுவில் பென்னட் என்ற இன்னொரு ஆளை இறக்கச் சொன்னான். பென்னட் தரையில் ஒரு வட்டம் போடுவான், அதற்குள் நிற்பவரின் தாக்கு சக்தி ஏறும். அந்த வட்டத்துக்குள் நின்று சியாங்லிங் தன் தீச்சக்கரத்தை எழுப்பிவிட்டால், பிறகு வட்டம் மறைந்தாலும் சக்கரம் ஏறிய பலத்தோடுதான் சுற்றிக்கொண்டிருக்கும்.

மறுபடி ஆடினேன். அதே ஆட்கள், அதே ஆயுதங்கள், ஒரு வெள்ளி செலவில்லை. வரிசையை மட்டும் மாற்றினேன். முடிந்துவிட்டது. கோப்பிக்கடையில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் போட்டேன். அந்த மூன்று பேருமே 4 நட்சத்திர ஆட்கள், அரிதான 5 நட்சத்திரத்துக்கு ஒரு படி கீழே. சியாங்லிங்கை அந்தச் சோதனையின் 3ஆம் தளத்தை முடித்தாலே இலவசமாகத் தருகிறார்கள். கையில் இருப்பதை வைத்தே ஜெயிக்க வழி இருந்தது, அது என் கண்ணில் படவில்லை, பட்டதும் திறந்துவிட்டது. நல்ல ஆர்பிஜி தரும் சந்தோஷம் என்று நான் சொல்வது இதைத்தான்.

சின்ன வயதில் பாட்டி சொன்ன கதைகளிலும் இதுதான் நடக்கும். ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒரு குகை, குகைக்குள் ஒரு கூண்டு, கூண்டுக்குள் கிளி, கிளிக்குள் அரக்கனின் உயிர். அரக்கனை நேரில் எவ்வளவு வெட்டினாலும் சாகமாட்டான், உயிர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கென்ஷினில் தீக் கவசம் போட்டுக்கொண்டு வரும் மந்திரவாதியை வாளால் எத்தனை வெட்டு வெட்டினாலும் கவசம் அசையாது, நீரைக் கொண்டுபோனால் மளமளவென்று கரையும். டிராகனும் மாளிகையும் அழகாக இருந்தால் மட்டும் ஃபேன்டசி ஆகிவிடாது. இந்த உலகத்தில் எது எதற்கு அடங்கும் என்று ஒரு விதி இருந்து, அதை நாமாகக் கண்டுபிடிக்கும்போதுதான் மாயம் வேலை செய்கிறது.

அடுத்தது நேரம். போன் விளையாட்டு நம் நாளுக்குள் அடங்க வேண்டும். சின்ன உதாரணம்: கென்ஷினில் சண்டை முடித்துப் பரிசு எடுக்க ரெசின் என்ற ஒன்றைச் செலவழிக்க வேண்டும், அது 8 நிமிடத்துக்கு ஒன்று தானாக ஊறும். முன்பு அதிகபட்சம் 160. கணக்குப் போட்டால் 21 மணி 20 நிமிடத்தில் நிரம்பிவிடும். நான் இன்று காலை ரயிலில் ஆடி, நாளை காலை அதே ரயிலில் திறந்தால் நடுவில் கொஞ்சம் வீணாகியிருக்கும். அதற்காகவே தூங்கப்போகும் முன் ஒருமுறை திறப்பேன். 2024இல் அதை 200 ஆக்கினார்கள். இப்போது நிரம்ப 26 மணி 40 நிமிடம். ஒரு நாளைக்கு ஒரு தடவை, அதே நேரத்தில் ஆடினால் போதும். வெறும் 40 கூட்டியதில் என் இரவுகள் எனக்குத் திரும்பக் கிடைத்தன. அனதர் ஈடன் என்ற ஜப்பானிய விளையாட்டு இன்னும் ஒரு படி மேலே. பழைய கதைகள் காலாவதியாகாமல் அப்படியே இருக்கும். ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

காசு விஷயம். கதாபாத்திரங்களைக் குலுக்கலில் எடுக்கும் முறைக்குக் காச்சா என்று பெயர், ஜப்பானில் நாணயம் போட்டுத் திருகும் பொம்மை இயந்திரத்திலிருந்து வந்த சொல். இங்கே பேரங்காடிகளிலும் அந்த இயந்திரங்களைப் பார்த்திருப்பீர்கள். கென்ஷினில் 5 நட்சத்திர ஆள் ஒரு குலுக்கலில் வர 0.6 சதவீத வாய்ப்புதான், ஆனால் 90ஆவது குலுக்கலுக்குள் நிச்சயம் ஒருவர் வருவார். நாம் கேட்டவரேதான் வர வேண்டுமென்றால் மோசமான பட்சத்தில் 180. ஒரு குலுக்கலுக்கு விளையாட்டுக்குள் காசாகப் பயன்படும் கல் 160 வேண்டும், தினசரி வேலைகளில் கிடைப்பது 60 கல். அந்த 60ஐ மட்டும் வைத்தே 90 குலுக்கல் சேர்க்க 240 நாள் ஆகும். வேறு வழிகளிலும் கல் கிடைக்கிறது என்பதால் நடைமுறையில் அவ்வளவு ஆகாது. எல்லை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் பொறுமையாகச் சேர்க்க முடிகிறது, சேர்த்து எடுத்தவர்மேல் தனிப் பாசமும் வருகிறது.

எல்லை தெரியாத விளையாட்டில் நான் பட்டிருக்கிறேன். பெயர் வேண்டாம். ஒரு வீராங்கனைக்காக ஒரே மாதத்தில் 200 வெள்ளிக்கு மேல் போட்டேன். அடுத்த மாதமே அவளைவிட எல்லா வகையிலும் பலமான ஒருவரை இறக்கினார்கள். அவளை வைத்துத் தாண்ட முடியாத சண்டைகளும் கூடவே வந்தன. அங்கே தோற்றபோது யோசிப்பதற்கு எதுவுமே இல்லை, மறுபடி காசு கட்டுவது ஒன்றுதான் வழி. ஜப்பானில் காச்சாவில் பல பொருட்களைச் சேர்த்தால்தான் பெரிய பரிசு என்ற முறையை 2012இலேயே சட்டத்துக்கு முரண் என்று சொல்லி நிறுத்தவைத்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த விளையாட்டைவிட்டு நான் உடனே போகாததற்குக் காரணம் கில்டு, அதாவது சேர்ந்து ஆடுகிறவர்களின் குழு. ஜொகூர் பாருவிலிருந்து ஒருவர், மணிலாவிலிருந்து இரண்டு பேர், சென்னையிலிருந்து இரவு வேலை பார்க்கும் ஒரு பெண். இரவு 10 மணிக்கு ஒரு பெரிய பாஸ், அதாவது எல்லோரும் சேர்ந்து வீழ்த்த வேண்டிய பெரிய எதிரி, ஆளுக்கு மூன்று முறைதான் அடிக்கலாம். யார் முதலில் கவசத்தை உடைப்பது, யார் கடைசியில் போவது என்று பேசி வைத்துக்கொண்டு அடிப்போம். என் அடி மொத்தத்தில் சிறியது. ஆனால் கவசத்தை உடைக்க என் ஆள்தான் வேண்டும், எனக்காகக் காத்திருப்பார்கள். அது போதுமாக இருந்தது.

இசை, படம் பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்கு ரயிலில் சத்தமே கேட்காது.

மறுபடி முயற்சி செய்து பார்க்க நினைத்தால் ஒன்று செய்யுங்கள். புதிதாக முதலிலிருந்து தொடங்க வேண்டாம். தம்பி இப்போது எந்தச் சண்டையில் மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று கேளுங்கள். ஆட்டோவை நிறுத்திவிட்டு, உங்கள் முன்னால் ஆடச் சொல்லுங்கள். அவன் தோற்றதும், "இப்ப ஏன் தோத்த?" என்று கேளுங்கள். விளக்க ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் முடிக்கமாட்டான், ஆளுக்கு ஒரு தே தாரிக் வாங்கி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.