தாமரை இதழ் ஏன் மழுங்கினது?

கடிதம்

வணக்கம் அண்ணா. நான் களுவாஞ்சிகுடி. வீட்டுக் கதவு, சாமித்தட்டு இதுகளுக்கு டிசைன் கீறிக் குடுக்கிறன். முந்தி ஓடாவிமார் உளியால செதுக்குவாங்க, இப்ப எல்லாம் சீஎன்சிதான், கம்பியூட்டர் ஓட்டுற வெட்டு மெஷின். போன மாசம் ஒரு வாசல் கதவுக்குக் கொடியும் தாமரையும் கீறிக் குடுத்தன், வந்ததப் பார்த்தா இதழ் நுனி எல்லாம் மழுங்கி, கொடி ஒரே ஆழத்தில தட்டையா கிடக்கு. கடையில கேட்டா "சொப்ட்வெயார் தானாச் செய்யுது, எங்கட கையில ஒண்டுமில்ல" எண்டுறாங்க. வீட்டுக்காரர் என்னத்தான் ஏசுறார். மெஷினுக்குக் குடுக்கிறத விட்டுடட்டா?

பதில்

தம்பி, விடாதீங்க. ஆனா கீறி முடிச்சதோட உங்கட வேலை முடியல்ல. கீறினதுக்கும் மரத்துக்கும் நடுவில இன்னொரு வேலை இருக்கு, மெஷின்ட பிட், அதாவது சுத்திச் சுத்தி வெட்டுற அலகு, எந்த வழியால எவ்வளவு ஆழத்தில ஓடோணும் எண்டு தீர்மானிக்கிற வேலை, டூல்பாத் எண்டு சொல்றது, அத நீங்க சொல்லாம விட்டா சொப்ட்வெயார்ல ஆரோ முந்தியே போட்டு வெச்ச செட்டிங் உங்களுக்காகத் தீர்மானிக்கும். உங்கட தாமரைக்கு நடந்தது அதுதான்.

என்ன பைல் குடுத்தீங்க எண்டு எழுதல்ல. வட்சப்ல போட்டோவா அனுப்பியிருந்தா முதல் சேதம் அங்கயே, ஏனெண்டா படத்தில இருந்து கோடு பிரிக்கேக்க சொப்ட்வெயார் கூரான இடத்த எல்லாம் வளைச்சி விட்டுரும். மறுகா பிட். 6 மில்லிமீட்டர் பிட்டால வெட்டினா உள்மூலை வளைவின்ட ஆரை (ரேடியஸ்) 3 மில்லிமீட்டருக்குக் கீழ வராது, நீங்க எவ்வளவு கூராக் கீறினாலும் வராது. சின்ன பிட், இல்லாட்டி நுனி கூரான வி பிட் மாத்தித்தான் அந்த மூலைய எடுக்கோணும், அதுக்கு நேரம் போகும், அதனால பெரிய பிட்டோட முடிச்சிடுவாங்க. ஆழமும் இப்படித்தான். வெறுங்கோட்டில ஆழம் இல்ல, அப்ப கடைக்காரர் ஒரு நம்பர் அடிப்பார், கொடி முழுக்க அந்த ஒரே நம்பர்ல போகும். எது மேல, எது அடியில போகுது எண்டு உங்களுக்குத்தான் தெரியும், அத மேடு பள்ளத்தோட 3டி மொடலா செய்து குடுங்க, ஏலாட்டி கோட்டுக்குக் கோடு மில்லிமீட்டர் எழுதிக் குடுங்க.

பலகை மிச்சம் பிடிக்கிற நெஸ்டிங்கும் இருக்கு. துண்டுகள அங்கயும் இங்கயும் திருப்பி அடுக்கும், மரத்துக்கு நார் எந்தப் பக்கம் ஓடுது எண்டு அதுக்குத் தெரியாது, நாருக்குக் குறுக்க விழுந்த மெல்லிய நுனி உடைஞ்சி போகும். திருப்பாத எண்டு பூட்டி வைக்கலாம், ஆனா ஆராவது சொல்லோணுமே.

இது புதுச் சண்டையும் இல்ல. 1940களில அமெரிக்காவில ஜெனரல் எலெக்ட்ரிக் ஒரு முறை செய்து பார்த்தது: கைதேர்ந்த தொழிலாளி முதல் துண்ட தன்ட கையால மெஷின ஓட்டி வெட்டுவார், அந்த அசைவு டேப்ல பதியும், அடுத்த துண்டுகள மெஷின் அதப் பார்த்து வெட்டும். அது நிலைக்கல்ல. எம்ஐடி எண்ட அமெரிக்கப் பல்கலைக்கழகம் 1952ல காட்டின, எண்களால ஓடுற மெஷின்தான் நிலைச்சது, அதோட வழி போடுற வேலை தொழிலாளியிட்ட இருந்து அலுவலக மேசைக்குப் போயிட்டு. ரெண்டிலயும் மெஷின்தான் வெட்டினது, வழிய ஆர் போட்டது எண்டதுதான் வித்தியாசம். இப்ப அந்த மேசையும் வெறுமையா கிடக்கு, அதுதான் எனக்குக் கவலை. ஓடாவி இல்ல, டிசைனர் இல்ல, ஒரு செட்டிங் குந்தியிருக்கு. இப்படியே போனா மட்டக்களப்பில இருந்து அக்கரைப்பற்று வரைக்கும் எல்லா வீட்டுக் கதவும் ஒரே கதவாத்தான் இருக்கும்.

அதனால தம்பி, கடையில போய் அவங்களோட ஒரு நாள் குந்துங்க. டூல்பாத் பிரிவியூ எண்டு ஸ்கிரீன்ல காட்டும், வெட்ட முன்னமே எது மழுங்கும் எண்டு அதில தெரியும். ஸ்டெப்ஓவரையும் கேளுங்க, பிட் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எவ்வளவு தள்ளி ஓடுது எண்டது, அது கூடினா வரி வரியா நிக்கும், அத உரஞ்சப் போய் இதழையும் சேர்த்து உரஞ்சிடுவாங்க. அத பாதியாக் குறைச்சா நேரம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, அந்தக் காச வீட்டுக்காரரிட்ட முதலே பேசிக் கொள்ளுங்க. போட்டோ வேணாம், கோட்ட கோடாவே வெச்சிருக்கிற டிஎக்ஸ்எப் (DXF) பைலா குடுங்க, மூலப் பைல் உங்களிட்டயே இருக்கட்டும். நல்ல ஓடாவி ஒருத்தர் கிட்ட இருந்தா நுனிய மட்டும் உளியால முடிக்கச் சொல்லுங்க, அதுக்கும் கூலி போட்டு. முழுக்கதவையும் வெட்ட முன்னம் ஒரு தாமரைய மட்டும் அதே மரத்தில, அதே நார்ப்பக்கம் வெச்சி வெட்டிக் கையில வாங்கிப் பாருங்க, சரியெண்டா மட்டும் மிச்சத்துக்கு ஓம் சொல்லுங்க.